பெருச்சாளி மேடும் பதினேழு படியும்

போன வாரம் நம் வகுப்புக் குழுவில் ஒருத்தி தன் மகளின் வீட்டுப்பாடத்தைப் படம் எடுத்துப் போட்டிருந்தாள். ஆங்கில மரபுத்தொடர்கள் பத்து, எதிரே பொருள், கீழே சொந்த வாக்கியம் எழுதக் கோடு. நான்காவதாக இருந்தது ‘மேக்கிங் எ மவுண்டன் அவுட் ஆஃப் எ மோல்ஹில்’. அதைப் பார்த்த மாத்திரத்தில் உங்களில் ஏழெட்டுப் பேருக்கு என் ஞாபகம் வந்திருக்கிறது. “மலையைக் கூப்பிடுங்கடி”, “மலை, எங்க இருக்க?” என்று வரிசையாகச் செய்திகள். மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் படித்தேன். முட்டிக்குத் தைலம் தேய்க்கிற வயதுக்கு வந்துவிட்டோம், பிள்ளைகள் நம்மைவிட உயரமாகிவிட்டார்கள், அந்தப் பட்டப்பெயரை மட்டும் ஒருத்தியும் மறக்கவில்லை.

கோபமெல்லாம் இல்லை. அடுப்பில் இருந்த பால் பொங்கி வழிகிற வரைக்கும் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். ஆனால் உங்களுக்குத் தெரிந்தது வகுப்பறையில் நடந்த பாதிதான். மீதி என் வீட்டில் நடந்தது. அப்போதே சொல்லியிருந்தால் நீங்கள் முக்கால்வாசியைத் தள்ளிவிட்டுத்தான் கேட்டிருப்பீர்கள். இப்போது கேளுங்கள்.

ஏழாம் வகுப்பில் நமக்கு ஆங்கிலம் எடுத்த டீச்சர் தினமும் அரியலூரிலிருந்து பஸ்ஸில் வருவார். முதல் பீரியடில் பாதி நேரம் முகத்துப் புழுதியைத் துடைத்துக்கொண்டே பாடம் நடத்துவார். அன்றைக்கு இந்தத் தொடரைப் போர்டில் எழுதிவிட்டு, ‘மோல்’ என்றால் என்ன என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. கேட்டவரும் அதைப் பார்த்ததில்லை.

“நம்மூர் பெருச்சாளி மாதிரின்னு வச்சுக்கங்க. வெள்ளக்காரன் ஊர்ல மண்ணுக்குள்ள தோண்டிக்கிட்டே போகும். அது வெளிய தள்ளுற மண்ணு இத்தனூண்டு குவியும்” என்று உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினார். “அந்த மேட்டப் பாத்துட்டு ஒருத்தன் ஊருக்குள்ள ஓடியாந்து, மலை மொளச்சிருக்கு, மலை மொளச்சிருக்குன்னு கத்துனா எப்படியிருக்கும்? சின்ன விஷயத்த ஊதிப் பெருசாக்குறவங்களத்தான் இப்படிச் சொல்றது.”

கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள். “டீச்சர், உங்க ஊர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல்லு தோண்டுன மண்ணே மலை ஒசரம் நிக்குதே?”

“அது நெசமாவே பெருசு. பெருச பெருசுன்னு சொன்னா தப்பில்ல. போய் ஏறிப் பாத்துட்டுச் சொல்லணும், அவ்வளவுதான்” என்று டீச்சர் சிரித்தார். பிறகு, யாராவது அற்ப விஷயத்துக்கு அலட்டிக்கொண்டால் ‘டோன்ட் மேக் எ மவுண்டன்’ என்று தொடங்கிச் சொல்லலாம், இனி ஆளுக்கொரு சொந்த வாக்கியம் சொல்லுங்கள் என்றார்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் சட்டென்று எழுந்தாள். அவளும் இதைப் படிப்பாள், அதனால் மரியாதையாகவே எழுதுகிறேன். என் பெயரைச் சொல்லி, நான் எப்போதும் மோல்ஹில்லிலிருந்து மவுண்டன் செய்வதாக ஒரு வாக்கியம் சொன்னாள். வகுப்பு முழுக்க மேசையைத் தட்டியது. டீச்சரும் வாயைப் பொத்திக்கொண்டு, “வெரி குட் சென்டென்ஸ்” என்றார்.

அவள் சொன்னதில் பொய்யில்லை. அதற்கு முந்தின மாதம்தான் பள்ளிக்கூடத்துப் பின்புறம் பனைமரம் நீளத்துக்குப் பாம்பு கிடக்கிறது என்று நான் அலறி, ஹெட்மாஸ்டர், வாட்ச்மேன், தெருவில் ஐஸ் விற்றவர் வரைக்கும் கம்போடு ஓடி வந்தார்கள். ஒரு முழத்துக்குத் தண்ணீர்ப் பாம்பு ஒன்று வாய்க்காலில் நெளிந்து போனது. எனக்கு எதையும் உள்ளபடி சொல்ல வராது. நாலு பேர் வந்தால் நாற்பது பேர் என்பேன். லேசாகச் சுட்டால் வெந்துபோச்சு என்பேன். கேட்கிறவர்கள் கண்ணை விரிக்க வேண்டும், எனக்கு அதுதான் குறி. அவள் அந்த வாக்கியம் சொன்ன நாளிலிருந்து நான் மலை.

இனி என் வீட்டுக்கு வருகிறேன். நம் லெப்பைக்குடிக்காட்டில் அப்போது பாதி வீடுகளில் பிள்ளைகளின் அத்தாமார் கடல் தாண்டித்தான் இருந்தார்கள். என் அத்தா சவூதியில் ஒரு மளிகைக் கம்பெனிக்கு வேன் ஓட்டினார். போன் என்றால் முக்குக் கடைக்கு வரவேண்டும், கடைக்காரர் ஆள் விட வேண்டும், ஓடிப்போய் எடுத்தால் பேச்சு தொடங்குவதற்குள் முடிந்துவிடும். அதனால் கேசட். அத்தா முதல் பயணத்தில் கொண்டுவந்த டூ-இன்-ஒன் எங்கள் வீட்டுக் கூடத்தில் பூப்போட்ட துணி மூடி இருக்கும். ரேடியோவும் டேப்பும் சேர்ந்தது, பக்கவாட்டில் வெள்ளி நிறக் கைப்பிடி. யாராவது சவூதிக்குப் பயணம் புறப்படுகிறார்கள் என்று தெரிந்தால் அதற்கு இரண்டு நாள் முன்பு துணி விலகும்.

அது ஒரு சடங்கு மாதிரி நடக்கும். அடுத்த வீட்டிலிருந்து பெரியம்மா வந்து ரெக்கார்ட் பட்டனுக்குப் பொறுப்பேற்பார். வாசல் கதவைச் சாத்துவோம். முதலில் அம்மா சலாம் சொல்லி, வீட்டு நலம், தெரு நலம், யார் யார் விசாரித்தார்கள் என்று அடுக்குவாள். பிறகு பெரியம்மா. கடைசியில் நான். என் முறை வந்தால் நிறுத்துவதே கஷ்டம். பேசி முடித்ததும் பெரியம்மா கேசட்டை முதலிலிருந்து போட்டுக் கேட்பார். கவலை தருகிற சொல் எங்காவது இருந்தால் அந்த இடத்துக்குத் திருப்பி, மறுபடி ரெக்கார்டை அழுத்தி, யாரும் பேசாமல் உட்கார்ந்திருப்போம். அந்தச் சொல் அழிந்துவிடும். காய்ச்சல், சண்டை, கூரை ஒழுகல், எதுவும் கடல் தாண்டாது. எங்கள் பெரிய மாமா மௌத்தாகி அடக்கம் செய்த செய்தியே நாலு மாதம் கழித்துத்தான் அத்தாவுக்குப் போனது.

“அங்க தனியா கெடக்குற மனுசனுக்கு இங்கேருந்து நல்லத மட்டும் அனுப்பணும்” என்பார் பெரியம்மா. ஊர் முழுக்க இதேதான் வழக்கம். அன்பினால் செய்ததுதான், குறை சொல்ல மாட்டேன்.

அந்தப் பக்கம் எப்படிக் கேட்பார்கள் என்று அத்தா சொல்லியிருக்கிறார். ஒரே அறையில் ஆறு பேர். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து, சோறு தின்று, கட்டிலில் சாய்ந்துகொண்டு யார் வீட்டுக் கேசட் வந்தாலும் எல்லோருமாகக் கேட்பார்களாம். வகுப்பில் எனக்குப் பட்டப்பெயர் வந்த கதையையும் நான் அழாத குறையாகக் கேசட்டில் சொல்லியிருந்தேன். விளைவு, அந்த அறையிலும் நான் மலையானேன்.

அந்த வருடம் நோன்புக்கு முன்பிருந்தே அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. பெரிதாக ஒன்றுமில்லை என்பாள். மாடியில் பாதி கட்டி நின்ற அறைக்குத் துணி காயப்போடப் போனால், இறங்கி வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். முகம் வெளுத்து உதடு மட்டும் லேசாக நீலம் பாரித்திருக்கும். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று இரண்டு தலையணையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். காலையில் நான் எழும்போது தலை ஒரு பக்கம் சரிந்திருக்கும், கையில் ஓதி எண்ணுகிற தஸ்பீஹ் மணி இருக்கும். அம்மாவுக்கு அப்போது முப்பத்து நாலு வயது. நினைத்துப் பாருங்கள், நம்மைவிட எவ்வளவு சின்னவள்.

பக்கத்து டவுனில் ஒரு டாக்டர், ரத்தம் கம்மி என்று சிவப்பு டானிக் எழுதிக் கொடுத்தார். பெரியம்மா ஈரல் சூப் வைத்துக் கொடுத்தார். “நோன்பு புடிச்ச அசதி. பொம்பளைக்கு மூச்சு வாங்காமயா இருக்கும்?” என்றார்கள் தெருவில். நான் போய்ப் பெரியம்மாவிடம் சொன்னேன். “பெரியம்மா, அம்மா மூச்சே விடல, அப்படியே நின்னு போச்சு.” பெரியம்மா பதறி ஓடிவந்து பார்த்தால் அம்மா உட்கார்ந்து புளி கரைத்துக்கொண்டிருந்தாள். “மலை மறுபடி மொளச்சிடுச்சு” என்று என் தலையில் குட்டிவிட்டுப் போனார்.

பெருநாள் கழித்து ஒருவர் பயணம் புறப்பட இருந்தார். கேசட் பேசியாகிவிட்டது, பெரியம்மா கேட்டுச் சரிபார்த்தாகிவிட்டது. மறுநாள் மத்தியானம் அம்மாவும் பெரியம்மாவும் ஒரு வீட்டுக்குப் பிள்ளை பார்க்கப் போயிருந்தார்கள். நான் வாசல் கதவைச் சாத்தினேன். கேசட்டின் மறுபக்கத்தைப் போட்டு, வெற்றாக இருந்த கடைசிப் பகுதிக்கு ஓட்டி, டூ-இன்-ஒன்னில் முகத்தை ஒட்டிக்கொண்டு பேசினேன். 

“அத்தா, அம்மா செத்துப்போயிடும் போல இருக்கு. மாடி ஏறுறதுக்குள்ள நூறு தடவ நிக்குது. ஒரு மாசமா தூங்கவே இல்ல. யாரும் நம்ப மாட்டேங்குறாங்க. நீங்க வாங்கத்தா.”

இவ்வளவுதான். கேசட்டைப் பழையபடி உறைக்குள் வைத்து, அத்தாவுக்குப் போகிற பையில் முறுக்கு டப்பாவுக்கும் நார்த்தங்காய் ஊறுகாய்க்கும் நடுவில் செருகினேன். எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

ஒன்றரை மாதம் கழித்துப் பதில் கேசட் வந்தது. கோடாலித் தைலம், சோப்பு, எனக்கு ஒரு பென்சில் பெட்டி, எல்லாவற்றிலும் அந்த சவூதி வாசனை. கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தோம். அத்தா சலாம் சொன்னார், ஒவ்வொருவராக விசாரித்தார். பிறகு அவர் குரலில் சிரிப்பு வந்தது. 

“என்னம்மா, ஒம் பொண்ணு சொல்லுது, நீ மாடி ஏறுறதுக்குள்ள நூறு தடவ நிக்குறியாம்ல? நம்ம வூட்டுக்கு நூறு படி எப்பக் கட்டுனீங்க? இங்க ரூம்ல எல்லாரும் சிரிச்சு உருண்டுட்டாங்க. கண்ணு, அத்தா சொல்றேன் கேளு, மேட்ட மலையாக்கக் கூடாது.” பின்னால் ஆண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

கூடத்திலும் எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், எழுந்து பின்கட்டுக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். கைப்பம்புத் திட்டில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏன்டி அவங்கள கலங்கடிக்கிற? வேலைய விட்டுட்டு ஓடியாந்துட்டா இன்னொரு விசாவுக்கு எங்க போறது? பாதியில நிக்குற வூட்ட யாரு முடிக்கிறது? எனக்கு ஒண்ணும் இல்ல.”

அந்த நான்கு வரியைச் சொல்ல அவள் எத்தனை முறை நிறுத்தினாள் என்று எனக்கு அப்போது கவனிக்கத் தெரியவில்லை.

அதன் பிறகு நான் பேசுவதை நிறுத்தினேன். உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம், “மலை மௌன விரதம்” என்று கேலி செய்தீர்கள். கேலி பெரிதாகப் படவில்லை. என் அத்தாவே சிரித்துவிட்டார் என்பதுதான் தாங்கவில்லை. ஒருவேளை நான் சொன்னது பொய்தானோ, அம்மாவுக்கு ஒன்றுமே இல்லையோ என்ற சந்தேகம் எனக்கே வந்துவிட்டது. அதைத் தீர்த்துக்கொள்ள ஒரு வேலை செய்தேன். அம்மா துணி வாளியோடு கிளம்பும்போதெல்லாம் மாடிப்படிக்குக் கீழே புத்தகத்தை விரித்து உட்கார்ந்து எண்ணினேன். மொத்தம் பதினேழு படி. ஆறாவது படியில் ஒரு முறை நிற்பாள். பதினொன்றில் வாளியை இறக்கி வைப்பாள். மேலே போனதும் உடனே துணி உதறுகிற சத்தம் வராது. நான் முப்பது, நாற்பது எண்ணின பிறகுதான் வரும். ஆங்கில நோட்டின் கடைசிப் பக்கத்தில் தினமும் குறித்து வைத்தேன். வாழ்க்கையில் முதல் முறையாக எதையும் கூட்டாமல் எழுதியது அந்தப் பக்கத்தில்தான்.

எட்டாவது நாள், நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைக்கூட இறக்கவில்லை, முக்குக் கடைக்காரர் ஆள் அனுப்பினார். சவூதியிலிருந்து போன். அம்மா தலையில் முக்காட்டை இழுத்துக்கொண்டு கிளம்பினாள். வந்த பையன், “அம்மாவ வேணாமாம். பாப்பாவத்தான் வரச் சொன்னாங்க” என்றான்.

ஓடினேன். கடைக்காரர் அரிசி மூட்டை மேல் என்னைத் தூக்கி உட்கார வைத்து ரிசீவரைக் கொடுத்தார். அத்தாவின் குரலில் சிரிப்பே இல்லை.

“கண்ணு, கூட்டாமக் கொறைக்காம சொல்லு. அம்மா மாடி ஏறும்போது நிக்குதா?”

“நிக்குதுத்தா.”

“எத்தன தடவ?”

“ரெண்டு தடவ. மொத்தம் பதினேழு படி. ஆறாவதுல ஒரு தடவ, பதினொண்ணுல ஒரு தடவ. மேல போயிட்டு, நான் நாப்பது எண்ணுற வரைக்கும் உக்காந்துக்குது. நேத்து பதினொண்ணுல ரொம்ப நேரம். எழுதி வச்சிருக்கேன்.”

லைன் போய்விட்டது என்று நினைத்து “அத்தா, அத்தா” என்று கத்தினேன். 

“இருக்கேன்டா” என்றார். குரல் மாறியிருந்தது. “தூங்குறது எப்படி?”

“உக்காந்துக்கிட்டே. ரெண்டு தலவாணி.”

“சரி. போயி பெரியம்மாவ வரச் சொல்லு. ஓடு.”

அடுத்த நாள் காலை முதல் பஸ்ஸில் அம்மாவைப் பெரியம்மா பெரம்பலூர் கூட்டிப்போய், அங்கிருந்து திருச்சிக்குக் கொண்டு போனார். பெரிய டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு முதலில் கேட்ட கேள்வி, சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததுண்டா என்பதுதானாம். அம்மாவுக்கு வந்திருந்தது. அது இதயத்து வால்வைக் கெடுத்து, வழி சுருங்கிப் போயிருந்தது. நுரையீரலில் நீர் கோத்திருந்தது. “இவ்வளவு நாள் என்னம்மா செஞ்சீங்க?” என்று டாக்டர் பெரியம்மாவைச் சத்தம் போட்டாராம். அங்கிருந்து மெட்ராஸ். தொடை வழியாக ஒரு குழாயை விட்டு, நுனியில் பலூன் வைத்து, அந்த வால்வை விரித்தார்கள். அத்தா ஒரு மாத விடுப்பில் வந்து சேர்ந்தார். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னதை அம்மா எங்களிடம் சொன்னதே இல்லை. பெரியம்மாதான் ஒரு நாள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதபோது சொன்னார். என் தலையில் குட்டிய இடத்தில் தடவிக்கொண்டே இருந்தார்.

சிரித்த அத்தா எப்படி மாறினார்? அதை அவரே ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னிடம் சொன்னார்.

சவூதியில் அத்தா தங்கியிருந்த அந்த அறையில் ஆண்டிமடத்துக்காரர் ஒருவர் இருந்தார். ஏ.சி. மெக்கானிக். அப்பா அம்மா முந்திரிக் காட்டில் கூலி வேலை பார்த்தவர்கள். வீட்டில் டேப்பும் கிடையாது, எழுதவும் தெரியாது. யாரையாவது பிடித்து எழுதி வாங்கிய கடிதம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பத்து வரி வரும். அதனால் மற்றவர்கள் கேட்டு முடித்த கேசட்டுகளை அவர் இரவல் வாங்கி, வாக்மேனில் போட்டு, வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் கேட்பாராம். எங்கள் வீட்டுக் கேசட் என்றால் இன்னும் பிரியம். சேவல் கூவுவது, இரும்புக் கேட்டு, பம்பு அடிக்கிற சத்தம் எல்லாம் அதில் வரும். எல்லோரும் சிரித்து முடித்த அந்தக் கேசட்டையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

அத்தாவின் பதில் கேசட் ஊருக்குப் புறப்பட்டு ஒரு வாரம் கழித்து அத்தாவிடம் வந்து, “பாய், ஒரு நிமிஷம் ஒக்காருங்க” என்று சொல்லி இரண்டு கேசட்டை எடுத்திருக்கிறார். ஒன்று அத்தா இரண்டாவது பயணம் போன முதல் வருடம் வந்தது. மற்றது இது. முதலாவதில் அம்மா சலாமில் தொடங்கி, “நானும் பிள்ளையும் நல்ல சொகம், அதுபோல நீங்களும் அங்க சொகமா இருக்கணும்னு துவா செய்யுறோம்” என்பது வரைக்கும் ஒரே மூச்சில் சொல்லியிருந்தாள். இரண்டாவதில் அதே வரிகள். நடுவில் மூன்று முறை நின்று, நின்று.

“பாப்பா நூறுன்னு சொன்னதுக்கு நாம சிரிச்சோம் பாய். நூற தள்ளுங்க. அந்தக்கா மூச்ச கேளுங்க. கம்ப்ரசர் இப்படி இழுத்துச்சுன்னா நான் மெசின ஆஃப் பண்ணிட்டுக் கழட்டிப் பாப்பேன். மேல மேல ஓட்ட மாட்டேன்” என்றாராம்.

அத்தா அந்த இரண்டையும் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். பிறகுதான் போன். முதலாளியிடம் அரபியில் பேசி விடுப்பு வாங்கிக் கொடுத்ததும் அதே ஆண்டிமடத்துக்காரர்தான். இதைச் சொல்லிவிட்டு அத்தா என் இரண்டு கையையும் எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டார். “சிரிச்சுட்டேன்டா கண்ணு” என்றார். நானும் அழுதேன், என்றாலும் என் ‘நூறு’ எனக்குள் உறுத்தியது. இரண்டு என்று சொல்லியிருந்தால் அத்தா சிரித்திருக்க மாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்தத் தொடரைப் பற்றி இந்த வயதில் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் அந்த மேட்டைப் போய்ப் பார்த்திருக்க வேண்டும். எங்கள் தெருவில் யாரும் போய்ப் பார்க்கவில்லை. பார்க்காமலே மேடு என்றார்கள், நான் அளக்காமலே மலை என்றேன். அரியலூர் டீச்சர் அன்றைக்கே ஏறிப் பார்த்துவிட்டுச் சொல்லச் சொன்னார், யார் காதில் வாங்கினோம்?

அடுத்த கோடையில் ஆண்டிமடத்து மாமா விடுமுறையில் வந்து எங்கள் வீட்டைத் தேடி வந்தார். நான் எப்படியெப்படியோ கற்பனை செய்து வைத்திருந்தேன். ஒல்லியாக, கறுப்பாக, கையில் ஒரு முந்திரிப் பருப்புப் பையோடு கூச்சத்துடன் நின்றார். கேட்டைத் திறந்தவர் உள்ளே வராமல் அதை இரண்டு முறை ஆட்டிப் பார்த்தார்.

“எண்ணெ போட்டுட்டீங்களாக்கா? கிறீச்சுங்குமே?”

அம்மா திகைத்துப் போனாள். பின்கட்டில் கை கழுவப் போனவர் பம்பைப் பார்த்ததும், “இதுக்கு மூணாவது அடியிலதான தண்ணி வரும்?” என்றார். எங்கள் வீட்டுக்கு அவர் ஒரு நாளும் வந்ததில்லை. அன்று அம்மா தன் கையால் நெய்ச்சோறு வைத்துப் பரிமாறினாள். “தம்பி, ஒங்களுக்கு நான் என்ன செய்யுறது?” என்று கேட்டபோது அம்மாவின் கண் நிறைந்திருந்தது. தட்டில் சோற்றை ஒதுக்கிக்கொண்டே அவர் சொன்னார்.

“எங்க வூட்டுச் சத்தம் ஒண்ணு வேணும்க்கா.”

அம்மா இப்போதும் இருக்கிறாள், அல்ஹம்துலில்லாஹ். அறுபதைத் தாண்டிவிட்டாள், மறுபடி ஒரு முறை வால்வுக்கு வைத்தியம் பார்த்தோம். டூ-இன்-ஒன் பழைய இரும்புக்காரரிடம் போயிற்று. அந்த இரண்டு கேசட்டும் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. அத்தா இல்லை. மாமா மட்டும் பெருநாளுக்குப் பெருநாள் போன் செய்வார். எடுத்ததும், “மலை, அக்கா எப்படியிருக்காங்க, கூட்டாம சொல்லு” என்பார். 

ஆனால் இதையெல்லாம் எழுத உட்கார்ந்தது அந்தக் காலத்தின் இன்னொரு நாளுக்காகத்தான். மாமா அந்த விடுமுறை முடிந்து சவூதி திரும்பிய மாதம் அது. அம்மாவும் நானும் டூ-இன்-ஒன்னில் ஆறு பெரிய பேட்டரி போட்டு, துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, அரியலூர் போய் பஸ் மாறி ஆண்டிமடம் போனோம். வழியில் சுண்ணாம்புக்கல் தோண்டிக் கொட்டிய மண் மேடுகள் நிஜமாகவே மலை போலத்தான் நின்றன. பஸ்ஸை விட்டு இறங்கி முந்திரிக் காட்டு வழியாக அவர் வீடு வரைக்கும் அம்மா என் முன்னால் நடந்தாள். நான் எண்ணிக்கொண்டே போனேன். ஓரிடத்திலும் நிற்கவில்லை.

மாமாவின் அம்மா சாணி மெழுகிய வாசலில் எங்களுக்குப் பாய் போட்டார். பழம் அழுகிய வாசனை காடு முழுக்க இருந்தது. டூ-இன்-ஒன்னை நடுவில் வைத்து அம்மா ரெக்கார்டை அழுத்தினாள். அந்த அம்மா பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “யாருட்டப் பேசுறது, ஆளக் காணமே?” என்று என்னைப் பார்த்தார். “மாமா உள்ள இருக்காங்கன்னு நெனச்சுக்கங்க” என்றேன். அவர் பெட்டியின் மேல் கையை வைத்து, துணி மூடிய பிள்ளையைத் தட்டுவதுபோல் மெல்லத் தட்டினார். பிறகு பேச ஆரம்பித்தவர்தான். ஆடு குட்டி போட்டது, கிணற்றில் தண்ணீர் இருப்பது, மாமாவுக்குப் பெண் பார்த்திருப்பது, வெயிலில் அலையாதே என்பது, கேசட்டின் ஒரு பக்கம் ஓடித் தீர்ந்தது.

மறுபக்கத்தைப் போட்டு அம்மா என்னைப் பார்த்தாள். “நீயும் பேசு” என்றாள். ஒன்றரை வருடமாக நான் கேசட்டில் பேசியிருக்கவில்லை. பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து பேசினேன்.

“மாமா, நான் மலை பேசுறேன். ஒங்க அம்மா பேசும்போது நான் எண்ணிக்கிட்டே இருந்தேன். மூச்சு வாங்கல. நடுவுல ஒரே ஒரு தடவதான் நிறுத்துனாங்க. அது கோழிய வெரட்டுறதுக்கு. கூட்டிச் சொல்லல மாமா.”

அம்மா பட்டனை அழுத்தி நிறுத்தினாள். கேசட்டைத் திருப்பிப் போட்டுச் சரிபார்க்கவில்லை. அப்படியே உறையில் போட்டு, மேலே மாமாவின் பெயரை எழுதச் சொல்லி என் கையில் கொடுத்தாள்.